ஈரம் போனால் நெடி போய்விடுமா? குதிரைக் கொட்டிலில் தூவும் பொடிகளைப் பற்றி

குதிரைக் கொட்டிலில் கண்ணைக் கரிக்கும் நெடிக்கு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். சுண்ணாம்பைத் தூவு என்பார் ஒருவர். சுண்ணாம்பா, குளம்பு வெந்துபோகும், சியோலைட் போடு என்பார் இன்னொருவர். அதெல்லாம் ரசாயனம், டயாட்டம் மண்தான் இயற்கை என்பார் மூன்றாமவர். கடையில் எல்லாமே "ஈரம் உறிஞ்சும் பொடி" என்று ஒரே அடுக்கில் இருப்பதால், பேச்சிலும் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது. உண்மையில் ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு, செய்யக்கூடிய கெடுதலும் வேறு. எது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்பது தானாகத் தெளிவாகும்.

## நெடி எங்கே பிறக்கிறது

500 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு 5 முதல் 15 லிட்டர் வரை சிறுநீர் கழிக்கும். அதில் யூரியா கரைந்திருக்கிறது. யூரியாவுக்கு மணமே கிடையாது. அதனால்தான் இப்போதுதான் நனைந்த இடத்தில் அந்தக் கார நெடி அடிப்பதில்லை. மறுநாள் காலை ரப்பர் பாயைத் தூக்கும்போதுதான் முகத்தில் அறைகிறது.

இடையில் என்ன நடந்தது? லத்தியில் உள்ள பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியை உண்டாக்குகின்றன. நொதி என்பது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். யூரியேஸ் யூரியாவை உடைத்து அம்மோனியாவாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றுகிறது. லத்தியும் சிறுநீரும் தனித்தனியே கிடந்தால் இது மெல்ல நடக்கும். குதிரை மிதித்து இரண்டையும் குழைத்துவிட்டால், கொஞ்சம் வெப்பமும் சேர்ந்துவிட்டால், வேகம் பிடித்துவிடும்.

அம்மோனியா காற்றைவிட லேசானதுதான். ஆனாலும் அது பிறப்பது தரையில் என்பதால் தரையை ஒட்டித்தான் அடர்த்தி அதிகம். நிற்கும் மனிதரின் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. படுத்திருக்கும் குதிரையின் மூக்கும், தரையில் வைத்த தீவனத்தைத் தின்னும் குதிரையின் மூக்கும் ஒரு சாண் உயரத்தில் இருக்கின்றன. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: கொட்டிலிலேயே பழகியவரின் மூக்கு மரத்துப்போகும். "எனக்கு ஒன்றும் நாறவில்லையே" என்று அவர் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. காலையில் கதவைத் திறந்ததும், காற்றோட்டம் வருவதற்கு முன், முழங்காலிட்டு ஒரு சாண் உயரத்தில் மோந்து பாருங்கள். கண் கரித்தால் குதிரை இரவெல்லாம் அதைத்தான் சுவாசித்திருக்கிறது. மனிதர்கள் 8 மணி நேர வேலையில் சுவாசிக்கும் அம்மோனியாவுக்குப் பரவலாக வைக்கப்படும் வரம்பு 25 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு. குதிரைக்கு 8 மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுவதில்லை.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்மயிர்கள் உண்டு. உள்ளே போன தூசியைச் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் துடைப்பங்கள் அவை. அம்மோனியா முதலில் கெடுப்பது இந்தத் துடைப்பத்தைத்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தூசியைப் பற்றிப் பேசும்போது திரும்பவும் வரும்.

## பஞ்சும் காந்தமும்

சமையலறை மேடையில் சிந்திய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுக்கிறோம். தண்ணீர் பஞ்சுக்குள் போய்விடுகிறது, அதோடு அதில் கரைந்திருந்ததும் போய்விடுகிறது. அந்தப் பஞ்சை மூலையில் போட்டுவிட்டால் மறுநாள் நாறும். உறிஞ்சல் என்பது இவ்வளவுதான். மரத்தூள், வைக்கோல், காகிதத் துண்டு, பென்டோனைட் களிமண் எல்லாம் இந்த வகை. சிறுநீரை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும். யூரியா உடைவதைத் தடுக்காது.

இரும்புத்தூள் கலந்த மணலில் காந்தத்தை ஓட்டினால் இரும்பு மட்டும் ஒட்டிக்கொள்ளும். சியோலைட் செய்யும் வேலை ஏறக்குறைய இதுபோன்றது. அது எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான, உள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள் கொண்ட கனிமம். அந்த அறைகளில் சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னேற்றம் பெற்ற அணுக்கள் இருக்கும். மின்னேற்றம் பெற்ற இத்தகைய துகளுக்கு அயனி என்று பெயர். அம்மோனியம் அயனி வந்தால் சியோலைட் தன்னிடம் உள்ளதை வெளியே விட்டு அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். இதுதான் அயனிப் பரிமாற்றம்.

இரண்டிலும் அளவுக் கணக்கு ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. தன் எடைக்கு எடை தண்ணீர் பிடிக்கும் பொடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கால் கிலோ தூவினால் கால் லிட்டர் பிடிக்கும். குதிரை கழிப்பதோ பல லிட்டர். மிச்சத்தைத் தாங்குவது மேலே விரிப்பாகக் கிடக்கும் மரத்தூளும் வைக்கோலும்தான். சியோலைட்டும் அப்படித்தான். நடைமுறையில் ஒரு கிலோ சுமார் 10 முதல் 20 கிராம் அம்மோனியத்தைப் பிடிக்கும். ஒரு நாள் சிறுநீரில் உள்ள, அம்மோனியாவாக மாறக்கூடிய நைட்ரஜனே பல பத்து கிராம். தவிர, புல் தின்னும் குதிரையின் சிறுநீரில் பொட்டாசியம் மிகுதி. அதுவும் அதே அறைகளுக்குப் போட்டி போடும். மீந்ததைக் கட்டுப்படுத்தத்தான் இந்தப் பொடிகள். வாரிக் கொட்ட வேண்டியதை வாராமல் விட்டுவிட்டு மேலே பொடி தூவுவது, குப்பைத் தொட்டிக்கு வாசனைத் திரவியம் அடிப்பதுபோல.

இதுவரை பார்த்தது: நெடிக்குக் காரணம் ஈரம் மட்டுமில்லை, யூரியா உடைவதும்கூட. ஈரம் உறிஞ்சும் பொடி ஒன்று, அம்மோனியாவைப் பிடிக்கும் பொடி இன்னொன்று. இரண்டுக்கும் கொள்ளளவு உண்டு, நிரம்பினால் முடிந்தது.

## அம்மோனியா எப்போது வாயுவாகும்

இந்த இடம் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியது. குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

ஈரத்தில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருந்தால் தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும், மூக்குக்கு எட்டாது. அம்மோனியாவாக மாறிவிட்டால் வாயுவாகப் பறக்கும். எந்த வடிவம் என்பதை முடிவு செய்வது பி.எச். எண். அமிலமா காரமா என்று சொல்லும் 0 முதல் 14 வரையிலான அளவுகோல் இது; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.

அறை வெப்பநிலையில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட வாயு வடிவில் இருக்காது. 8 ஆனால் சுமார் 5 பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 10 ஆனால் 85 பங்கு. 12-ஐத் தாண்டினால் ஏறக்குறைய எல்லாமே வாயு. குதிரையின் சிறுநீர் இயல்பிலேயே 7-க்கும் 9-க்கும் இடையில் இருக்கும் காரத் திரவம். யூரியா உடைய உடைய இன்னும் ஏறும். ஆக, நாம் தூவும் பொடி இந்த எண்ணை ஏற்றுகிறதா, இறக்குகிறதா, அப்படியே விடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. பையின் மேல் என்ன படம் போட்டிருக்கிறது என்பது அதற்கப்புறம்.

## சுண்ணாம்பு என்றால் எந்தச் சுண்ணாம்பு?

ஒரே பெயரில் மூன்று பொருள் விற்கிறது. "சுண்ணாம்பு நல்லது", "சுண்ணாம்பு ஆபத்து" என்று சண்டை போடும் இருவரும் வெவ்வேறு பையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கலாம்.

சுட்ட சுண்ணாம்பு, அதாவது நீறாத சுண்ணாம்பு, கால்சியம் ஆக்சைடு. தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். பக்கத்தில் காய்ந்த வைக்கோல் இருந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. கொட்டிலுக்குள் இதற்கு இடமே இல்லை.

நீற்றிய சுண்ணாம்பு கால்சியம் ஹைட்ராக்சைடு. சூடாகாது, ஆனால் ஈரத்தில் பி.எச். 12.4 வரை ஏறும். இவ்வளவு காரத்தில் பாக்டீரியா தாங்காது, ஆகவே கிருமிநாசினி என்ற பெயர் உண்மைதான். கூடவே நடப்பது என்னவென்றால், ஈரத்தில் அதுவரை அடங்கிக் கிடந்த அம்மோனியம் முழுக்க வாயுவாகக் கிளம்பிவிடுகிறது. தூவியதும் நெடி குப்பென்று ஏறி, பிறகு குறைவதை "வேலை செய்கிறது" என்பார்கள். அம்மோனியா அழியவில்லை; காற்றில் ஏறி, அங்கே நின்றவர்களின் மூச்சு வழியாகவும் போனது. ஈரத் தோலில் ஒட்டினால் இது புண்ணாக்கும்: குளம்புக்கு மேலுள்ள மெல்லிய தோல், உதடு, மூக்கின் ஓரம், கண். கண்ணில் விழுந்தால் விழிவெண்படலத்தையே கெடுக்கும்.

சுண்ணாம்புக்கல் பொடி கால்சியம் கார்பனேட். வயல் மண்ணின் அமிலத்தைக் குறைக்கப் போடுவது இதைத்தான். சூடாகாது, பி.எச். 9-ஐ ஒட்டி நிற்கும், தோலைச் சுடாது. கொட்டிலில் சுண்ணாம்பு போட்டேதான் ஆக வேண்டும் என்றால் இது ஒன்றுதான் தேறும். அதற்காக நெடியைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொஞ்சம் ஈரத்தைக் காய வைக்கும், அவ்வளவே.

## எதிர்ப்பக்கம்: அமிலப் பொடி

சோடியம் பைசல்ஃபேட் அமில உப்பு. கோழிப்பண்ணை விரிப்பில் அம்மோனியாவைக் குறைக்கத் தூவப்படுவது, குதிரைக் கொட்டிலுக்கும் விற்கிறார்கள். ஈரத்தில் கரைந்து பி.எச்.சை இறக்கும், அம்மோனியா அம்மோனியமாக மாறி அடங்கிவிடும். நெடியைப் பொறுத்தவரை இதன் தர்க்கம் சரியானது. ஆனால் செறிந்த கரைசலின் பி.எச். 2-க்கும் கீழே இறங்கும். நனைந்த தரையில் வெறும் பொடி கிடந்து, அதன் மேல் குதிரை படுத்தால் தோல் எரியும். கையில் புண்ணோடு அள்ளினால் நமக்கும் எரியும். நல்ல வேலைக்காரன்தான், மேலே உலர்ந்த விரிப்பு மூடியிருக்கும்வரை.

இந்தப் பொடியையும் சுண்ணாம்பையும் ஒரே தரையில் போடுவதில் பொருளில்லை, ஒன்றையொன்று தின்றுவிடும். உண்மையான அபாயம் சலவை வெளுப்பானோடு சேரும்போதுதான். வெளுப்பானும் அமிலப் பொடியும் சேர்ந்தால் குளோரின் வாயு. வெளுப்பானும் அம்மோனியா ஊறிய தரையும் சேர்ந்தால் குளோரமின் வாயு. இரண்டும் நுரையீரலைப் பதம் பார்க்கும். கொட்டிலைக் கழுவ வெளுப்பான் வேண்டுமென்றால், முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, வெறும் தண்ணீரால் அலசி, காயவிட்டுப் பிறகுதான்.

சுருக்கமாக: நீற்றிய சுண்ணாம்பு அம்மோனியாவைக் கிளப்புகிறது, அமிலப் பொடி அடக்குகிறது, சியோலைட் பிடித்து வைக்கிறது. சுடும் குணம் முதல் இரண்டுக்கும் உண்டு.

## தூசி, இயற்கையானதாகவே இருந்தாலும்

ஓய்வில் இருக்கும் குதிரை ஒரு மூச்சுக்குச் சுமார் 5 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 50 முதல் 70 லிட்டர். வாயால் மூச்சுவிட அதற்கு வராது, எல்லாம் மூக்கு வழிதான். 5 மைக்ரானுக்குக் குறைவான துகள் மூக்கு, தொண்டை எல்லாம் தாண்டி நுரையீரலின் கடைசிக் கிளைவரை போகும். மனித முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அதில் பதினான்கில் ஒரு பங்கு.

டயாட்டம் மண் என்பது பழங்கால நுண்பாசிகளின் ஓடுகள் படிந்த மண். அந்த ஓடு சிலிக்கா. சிலிக்காவில் இரண்டு வகை: அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும் படிகமற்ற சிலிக்கா, ஒழுங்காக அடுக்கிய படிகச் சிலிக்கா. படிகச் சிலிக்காத் தூசி நுரையீரலில் தழும்பை உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் 1997-இல் சேர்த்தது. உணவுத் தரம் என்று விற்கும் டயாட்டம் மண்ணில் படிக வகை மிகக் குறைவு. நீச்சல்குள வடிகட்டிக்காக உலையில் சுட்ட அதே மண்ணிலோ பாதிக்கு மேலேகூட இருக்கலாம். இரண்டும் வெளிறிய பொடி, பெயரும் ஒன்று.

குதிரைக்கு இதெல்லாம் வருமா என்று கேட்பவர்களுக்கு: கலிபோர்னியாவின் மான்டரே–கார்மெல் தீபகற்பத்தில் குதிரைகளுக்குச் சிலிக்காத் தூசியால் நுரையீரல் தழும்பு ஏற்பட்டது 1981-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அங்கே குற்றவாளி கொட்டில் பொடி இல்லை, அந்த மண்ணிலேயே இருந்த படிகச் சிலிக்கா. ஆனாலும் நுரையீரலுக்குத் தூசி பையிலிருந்து வந்ததா தரையிலிருந்து வந்ததா என்று தெரியாது.

இங்கேதான் முன்பு சொன்ன துடைப்பம். அம்மோனியாவால் நுண்மயிர் சோர்ந்த மூச்சுக்குழாயில் தூசி வந்தால் வெளியேறும் வேகம் குறையும். நெடி அடிக்கும் கொட்டிலில், குதிரையை உள்ளே வைத்துக்கொண்டே, மாவுபோன்ற பொடியை வீசித் தூவுவது இரண்டு கெடுதலையும் ஒரே நேரத்தில் செய்வதாகும். எந்தப் பொடியானாலும் மாவைவிடக் குருணை மேல்.

## வாய்க்குள் போனால்

குதிரை வாந்தி எடுக்காது. போனது போனதுதான், குடல் முழுக்கக் கடந்துதான் வெளியே வர வேண்டும். தரையில் கிடக்கும் தீவனத்தோடு ஒட்டிய கொஞ்சம் சியோலைட்டோ சுண்ணாம்புக்கல்லோ பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பயப்பட வேண்டியவை ஊதுபவை. தண்ணீரில் ஊதும் பென்டோனைட் தவிர, குழந்தைகளின் டயப்பரில் உள்ள கூழ்மணிகளும் சில கலவைகளில் உண்டு. தூய நீரில் அவை தம் எடையைப்போல் பல நூறு மடங்கு பிடிக்கும். உப்புள்ள சிறுநீரில் அது 30 முதல் 50 மடங்காகச் சுருங்கும். மரத்தூளை அழுத்திச் செய்த உருண்டைகளையும் நனைக்காமல் போட்டால், தீவன உருண்டை என்று நினைத்துத் தின்னும் குதிரை உண்டு. உணவுக்குழாயில் ஊதி அடைத்துக்கொள்ளும். உருண்டையைப் போட்டதும் தண்ணீர் தெளித்து, உதிர்ந்து தூளான பிறகே குதிரையை விட வேண்டும்.

பொடி இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கறுப்பு வால்நட் மரத்தின் சீவல் விரிப்பில் கலந்திருந்தால், குதிரை அதன் மேல் நின்ற சில மணி நேரத்திலேயே லேமினைட்டிஸ் என்னும் குளம்பின் உள்திசு அழற்சி வரும். மரத்தூள் வாங்கும்போது எந்த மரம் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

## பையில் எண்ணைத் தேடுங்கள்

"இயற்கை", "பாதுகாப்பானது" என்பவை விளம்பரச் சொற்கள். விற்பவரிடம் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். அது 16 பகுதிகள் கொண்ட ஆவணம். பகுதி 2 அபாயங்கள், 3 சேர்மானம், 4 முதலுதவி, 9-இல் பி.எச். சேர்மானத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் சி.ஏ.எஸ். எண் என்ற ஒன்று இருக்கும். உலகம் முழுக்க ஒரு பொருளுக்கு ஒரே எண். எந்த மொழியில் அச்சடித்திருந்தாலும் எண் மாறாது.

1305-78-8 சுட்ட சுண்ணாம்பு: வாங்காதீர்கள்.
1305-62-0 நீற்றிய சுண்ணாம்பு: குதிரை இருக்கும் கொட்டிலுக்கு வேண்டாம்.
471-34-1 கால்சியம் கார்பனேட்.
7681-38-1 சோடியம் பைசல்ஃபேட்: மூடிப் போட வேண்டியது.
12173-10-3 கிளினோப்டிலோலைட், சியோலைட்டில் கொட்டிலுக்கு விற்கும் வகை.
14808-60-7 குவார்ட்ஸ், 14464-46-1 கிரிஸ்டோபலைட்: இரண்டும் படிகச் சிலிக்கா. எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

தாள் கிடைக்கவில்லையா? வாய் திறந்த கண்ணாடிக் குவளையில் அரைக் குவளை தண்ணீர் ஊற்றி, கண்ணாடியும் கையுறையும் அணிந்து, வெளியிடத்தில் ஒரு தேக்கரண்டிப் பொடியைத் தண்ணீருக்குள் போடுங்கள். பொடியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, மூடிபோட்டுக் குலுக்கவும் கூடாது. குவளை சூடானால் சுட்ட சுண்ணாம்பு. பத்து நிமிடத்தில் ஊதிக் கூழானால் ஊதும் களிமண்ணோ கூழ்மணியோ. மணலாக அடியில் தங்கி மேலே தண்ணீர் தெளிந்தால் சியோலைட்டாக இருக்கலாம். இப்போது பி.எச். தாளை நனையுங்கள். 11-க்கு மேல் நிறம் காட்டினால் கொட்டிலுக்கு ஆகாது. 4-க்குக் கீழே காட்டினால் அமிலப் பொடி. இன்னொரு குவளையில் வினிகர் ஊற்றிச் சிட்டிகை போட்டால் சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பொங்கும். பழைய நீற்றிய சுண்ணாம்பும் காற்றுப்பட்டுக் கொஞ்சம் நுரைக்கும் என்பதால் நுரையை மட்டும் நம்பக் கூடாது, பி.எச். தாள் சொல்வதே கடைசிச் சொல்.

## போடும் முறை

குதிரை வெளியே இருக்க வேண்டும். லத்தியையும் நனைந்த விரிப்பையும் முழுக்க வாரி எடுத்து, தரையைக் குறைந்தது அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். ரப்பர் பாய் இருந்தால் அதன் ஓரங்களில் வழிந்து அடியில் தேங்குவதை மறக்கக் கூடாது. மேலே எவ்வளவு தூவினாலும் அடியில் ஊறியது நாறிக்கொண்டேதான் இருக்கும். முகக்கவசம் அணிந்து, கையைத் தரைக்கு அருகே வைத்து, ஈரத்தடத்தின் மேல் மட்டும் தூவுங்கள். தடம் ஒன்றுக்கு ஒன்றிரண்டு கோப்பை போதும், பையில் குறைவாகச் சொல்லியிருந்தால் அந்த அளவு. பொடிக்கிடையே தரை தெரிய வேண்டும். தரை மறைந்து வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் அதிகம். மேலே 10 முதல் 15 சென்டிமீட்டர் உலர்ந்த விரிப்பு.

பிறகு விளக்கை அணைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். ஒளிக்கற்றையில் துகள் மின்னிக்கொண்டிருக்கும்வரை குதிரையைக் கொண்டுவரக் கூடாது. மின்னல் நின்ற பிறகும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் மிதந்துகொண்டிருக்கும், கதவைத் திறந்துவைத்து இன்னும் அரைமணி நேரம் கொடுங்கள். குட்டியோடு தாய்க் குதிரை இருக்கும் கொட்டில் என்றால் என் கை பொடிப் பக்கமே போகாது. குட்டி அடிக்கடி படுக்கும், எதையும் நக்கிப் பார்க்கும். அங்கே விரிப்பை அடிக்கடி மாற்றுவதுதான் வழி.

குளம்புக்கு மேல் தோல் சிவப்பது, உதட்டில் புண், கண்ணில் நீர், தீவனம் எடுக்கத் தொடங்கும்போது இருமல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விரிப்பு முழுவதையும் அகற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். தோலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீர் ஓடவிட்டுக்கொண்டே மருத்துவரை வரவழையுங்கள்.

## வாரிய பிறகு

பொடி கலந்த விரிப்பு எருக்குழிக்குப் போனாலும் வேதியியல் கூடவே போகும். நீற்றிய சுண்ணாம்பு கலந்த லத்தி குழியிலும் அம்மோனியாவைக் கிளப்பிக்கொண்டே இருக்கும், எருவின் நைட்ரஜன் காற்றோடு போகும். சியோலைட் கலந்தது அந்த நைட்ரஜனைப் பிடித்துவைத்து மண்ணுக்குக் கொடுக்கும். ஈரம் உறிஞ்ச ஜிப்சம் கலந்த விரிப்பில்தான் கவனம் வேண்டும். ஜிப்சம் கால்சியம் சல்ஃபேட். காற்றுப் புகாத, தண்ணீர் தேங்கிய குழியில் பாக்டீரியாக்கள் அதிலுள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அது ஆளைக் கொல்லும் நச்சு வாயு, அடர்த்தி கூடினால் மூக்கே அதை உணராமல் போகும். கிளறும் நேரத்தில்தான் மொத்தமாகக் கிளம்பும் என்பதால், ஜிப்சம் விரிப்பை மூடிய குழியில் போடாமல் திறந்தவெளியில், நீர் தேங்காத குவியலாக வையுங்கள். ஏற்கெனவே குழியில் போட்டாயிற்று என்றால், கிளறும்போது அதன் அருகில் ஆளோ விலங்கோ நிற்கக் கூடாது. மயங்கி விழுந்தவரைத் தூக்கவும் மூச்சுக் கருவி இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது.